ஒன்றுக்கு முந்தைய எண்

கல்யாணமாகி அறந்தாங்கிக்கு வந்தபோது என் கையில் பட்டம் இல்லை. கணிதத்தில் எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தேன், ஒன்றைத் தவிர. தமிழில் மெய்ப்பகுப்பாய்வு என்பார்கள். நாங்கள் ரியல் அனாலிசிஸ் என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்த ஒரு தாளைக் கல்யாணத்துக்கு முன்பும் எழுதினேன், பின்பும் எழுதினேன், மகள் வயிற்றில் இருந்தபோதும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன். பிறகு மகள் பிறந்தாள், கணவர் எலக்ட்ரீஷியன் வேலைக்குக் கத்தார் போனார், நான் வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். அந்தத் தாளை மறந்துவிட்டதாக நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறது என்று செய்தி வந்தது. அதைச் சொல்லத்தான் என் தோழி கூப்பிட்டாள். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது, அவரே ஓட்டினார். அவளுக்கும் அதே தாள்தான் பாக்கி.

"எழுதுறியாடி?" என்றாள்.

"இத்தனை தடவை எழுதியாச்சு. போதும்டி."

"நாம எழுதவே இல்ல. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சோம். ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டு எழுதிப் பாப்போம். அப்பயும் போச்சுன்னா போகட்டும்."

அவள் சொன்னது சரிதான். கடைசியாகத் தோற்றபோது விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்திருந்தேன். திறந்த இடைவெளி ஒவ்வொன்றும் திறந்த கணம் என்று நிறுவச் சொன்ன கேள்வி. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று இருந்த கேள்வி அது. புள்ளியிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள இரண்டு தூரங்களில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் பெரியதை எடுத்துக்கொள்க என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு சொல். அதற்கு மேல் இருந்த வரிகளும் கீழே இருந்த வரிகளும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. திருத்தியவர் அந்தச் சொல்லைச் சுழித்துவிட்டு மொத்தத்துக்கும் பூஜ்ஜியம் போட்டிருந்தார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சிறியது என்றால் என்ன, பெரியது என்றால் என்ன, ஒரு சொல்தானே என்று அன்றைக்கு அழுதேன். ஏன் சிறியது என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

கணவரிடம் வீடியோ காலில் சொன்னேன். "எழுதிரு" என்றார், அவ்வளவுதான். மாமியாரிடம் சொன்னதற்கு, "அந்தப் பரீட்சை இல்லாமலேதான இத்தனை வருசமா இந்த வீட்டுல இட்டிலி வெந்துச்சு" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை.

முதல் ஞாயிறு நான் ஜெகதாப்பட்டினம் போனேன். சனிக்கிழமை கடலுக்குப் போன படகுகள் திரும்பியிருந்தன. துறைமுகத்துப் பக்கம் ஏலச் சத்தமும் ஐஸ் உடைக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். என் டியூஷன் சாக்பீஸ் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். சிமென்ட் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் பூஜ்ஜியம், மறுமுனையில் ஒன்று என்று எழுதினாள்.

"மொதல்ல இருந்து வருவோம். தமிழ்லயே சொல்லுடி, ப்ளஸ் ஒன்ல படிச்ச மாதிரி."

நாங்கள் இருவருமே தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலமாக மாறியபோது, எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். நான் மெதுவாகச் சொன்னேன். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கிற எல்லா எண்களும் வேண்டும், பின்னமும் தசமமும் எல்லாமும். ஆனால் பூஜ்ஜியம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முனைகள் இரண்டையும் விட்டுவிட்டு மிச்சமிருப்பது திறந்த இடைவெளி. முனைகளையும் சேர்த்துக்கொண்டால் மூடிய இடைவெளி. திறந்ததற்கு வளைந்த அடைப்புக்குறி, மூடியதற்குச் சதுர அடைப்புக்குறி.

"சரி. ஒண்ணு வேணாம்னுட்டோம். அப்ப அதுக்கு முன்னாடி இருக்க கடைசி எண் எது?"

"பாயின்ட் நைன்."

"பாயின்ட் நைன் நைன்னு ஒண்ணு அதைவிடக் கிட்டத்துல இருக்கே."

"அப்ப அது."

"பாயின்ட் நைன் நைன் நைன்?"

எனக்கு எரிச்சல் வந்தது. "ஒன்பது போட்டுக்கிட்டே போ. நிறுத்தாத. முடிவே இல்லாம ஒன்பது. அதுதான் கடைசி எண். அதுக்கு அப்புறம் ஒண்ணுதான்."

அவள் யோசித்துவிட்டு, "இருக்கலாம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த எண்ணைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெருமை அந்த வாரமே போயிற்று. டியூஷனில் ஒன்றை மூன்றால் வகுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பூஜ்ஜியம் புள்ளி மூன்று மூன்று மூன்று என்று முடிவில்லாமல் போகும். பிள்ளைகள் எழுதிக்கொண்டு போன பிறகும் நான் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு அது என்றால், அதை மூன்றால் பெருக்கினால் ஒன்று வர வேண்டும். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. எல்லா இடத்திலும் ஒன்பது. அதாவது முடிவில்லாத ஒன்பதுகள் என்று நான் சொன்ன எண். ஆக, அது ஒன்றுக்கு முந்தைய எண் இல்லை. அதுவே ஒன்று. ஒன்றை எழுதுவதற்கு இன்னொரு வழி, அவ்வளவுதான்.

உடனே தோழியைக் கூப்பிட்டேன்.

"அது ஒண்ணேதான்டி."

"எது?"

"பாயின்ட் நைன் நைன் போய்க்கிட்டே இருக்கே, அது. ஒண்ணுக்குப் பக்கத்துல இல்ல. ஒண்ணு மேலயே இருக்கு."

அவள் நம்பவில்லை. மூன்றில் ஒரு பங்கைச் சொன்னேன். "ஏமாத்து வேலை மாதிரி இருக்கு" என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "ரெண்டும் வேற வேற எண்ணுன்னா நடுவுல ஒரு எண் இருக்கணும்ல? ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா வருமே. அப்படி ஒண்ணைச் சொல்லு பாப்போம்." இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தோம். ஒன்பதுகளுக்கு மேல் எங்கேயும் எதையும் கூட்ட இடமில்லை. நடுவே எதுவும் வரவில்லை. "அப்ப ஒண்ணேதான்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். "ஆனா அப்ப கடைசி எண் எதுடி?"

அதுதான் என்னையும் பிடுங்கித் தின்றது. அடுத்த சில நாட்கள் வேறு எதுவும் ஓடவில்லை. மாவு அரைக்கும்போதும் மகளைக் குளிப்பாட்டும்போதும் அதே நினைப்பு. ஒரு எண்ணைச் சொன்னால், அதற்கும் ஒன்றுக்கும் நடுவில் பாதியில் இன்னொரு எண் இருக்கிறது. அதைச் சொன்னால் மிச்சத்தில் பாதியில் இன்னொன்று. எதைச் சொன்னாலும் அது கடைசி இல்லை. அப்படியானால் கடைசி என்று ஒன்று இல்லவே இல்லை. கணக்கு அப்படித்தான் சொன்னது, மனம் ஒப்பவில்லை. ஒரு கோடு ஓர் இடத்தில் முடிகிறது என்றால், முடிகிற இடத்தில் ஏதோ ஒன்று இருந்துதானே ஆக வேண்டும்?

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது. "என்னாத்தா, தனியாப் பேசுற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுக்குப் பக்கத்துல எந்த எண் இருக்குன்னு பாக்குறேன் அத்தை."

"ரெண்டு" என்றார் அவர், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நானும் இத்தனை காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு, இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று. சின்ன வயதிலிருந்து எண்ணிப் பழகிய பழக்கம். மணிகளைக் கோத்த மாதிரி எண்கள் ஒன்றை அடுத்து ஒன்று உட்கார்ந்திருக்கும், நெருங்கிப் போனால் இன்னும் பொடி மணிகள் இருக்கும் என்று என் மனம் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழு எண்களுக்குத்தான் பக்கத்து வீடு உண்டு. மெய்யெண் கோட்டில் எந்த எண்ணுக்கும் அடுத்த எண் என்று ஒன்று கிடையாது. ஒன்றுக்கு முந்தைய எண் எது என்ற கேள்வியே தப்பு. நான் தேடி அலைந்தது எங்கோ ஒளிந்திருக்கிற ஒன்றை இல்லை, இல்லாத ஒன்றை.

அடுத்த ஞாயிறு அதே மொட்டைமாடியில் அதைத் தோழியிடம் சொன்னேன். அவள் தரையில் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுக்கு ஓரமே இல்லையா?"

"ஓரம் இருக்கு. பூஜ்ஜியமும் ஒண்ணும்தான் ஓரம். ஆனா ஓரம் உள்ள இல்ல. உள்ள இருக்க எந்த எண்ணும் ஓரத்துல இல்ல."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அவள் அதைத் தன் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக் கோட்டில் பூஜ்ஜியத்துக்குக் கிட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

"இப்ப அந்தப் பாழாப்போன கேள்விக்கு வா. நீ பெருசுன்னு எழுதித் தொலைச்சியே, அது."

திறந்த கணம் என்றால் என்ன என்று புத்தகம் சொல்கிறது: அதில் உள்ள எந்தப் புள்ளியை எடுத்தாலும், அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம அளவில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், அந்த இடம் முழுவதும் கணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எவ்வளவு இடம் என்பது முக்கியமில்லை. மயிரிழையாக இருந்தாலும் போதும், பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. அந்த இடத்தின் அளவைத்தான் எப்சிலான் என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கிறோம். இதையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். தரையில் வைத்த புள்ளியில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மாடிச் சுவரோரம் வலை பின்னுகிற நைலான் நூல் கிடந்தது. அதில் ஒரு துண்டை அறுத்தேன். அவள் வைத்த புள்ளியிலிருந்து ஒன்று வரைக்கும் நூலைப் பிடித்து அளந்தேன். நீளமான துண்டு. அதுதான் பெரிய தூரம். நூலின் ஒரு முனையைப் புள்ளியில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை அப்படியே இடப்பக்கம் திருப்பினேன். நூல் பூஜ்ஜியத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, தொட்டியின் காலில் போய் இடித்தது.

"வெளிய போயிருச்சுடி" என்றாள்.

இரண்டாவது துண்டைப் புள்ளியிலிருந்து பூஜ்ஜியம் வரைக்கும் அளந்தேன். குட்டைத் துண்டு. அதை இடப்பக்கம் வைத்தால் முனை பூஜ்ஜியத்தைத் தொட்டு நின்றது, தாண்டவில்லை; அந்த இடத்துக்கும் முனை கணக்கில் சேராது. வலப்பக்கம் திருப்பினால் ஒன்றுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் உள்ளேதான். சிறியதை எடுத்தால் எந்தப் பக்கமும் வெளியே போகாது. பெரியதை எடுத்தால் கிட்டத்து முனையைக் குத்திக்கொண்டு வெளியே போகும். இதை ஒரு தடவை பார்த்தவர்கள் எந்தப் பதற்றத்திலும் மாற்றி எழுத மாட்டார்கள். அந்தத் திருத்தியவர் மேல் நான் வைத்திருந்த கோபம் அங்கேயே போயிற்று. அவர் சுழித்தது ஒரு சொல்லை இல்லை.

அவள் விடவில்லை. சாக்பீஸால் ஒன்றின் மேலேயே ஒரு புள்ளி வைத்தாள். "மூடுன இடைவெளின்னா இதுவும் உள்ள. இதுக்கு இடம் குடு." மிகச் சின்னத் துண்டாக நூலை அறுத்து வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் வெளியே நீட்டியது. அதிலும் பாதியாக அறுத்தேன், அப்போதும் நீட்டியது. அறுக்க அறுக்க நீட்டிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் மூடிய இடைவெளி திறந்த கணம் இல்லை. உள்ளே சேர்த்துக்கொண்ட அந்த முனைக்கு மூச்சுவிட ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அதன் பிறகு படிப்பு வேகம் பிடித்தது. ஒரு வாரம் அவள் அறந்தாங்கி வருவாள், மறு வாரம் நான் அங்கிட்டுப் போவேன். எங்களுக்கு ஒரே விதிதான்: புரியாத வரியைத் தாண்டக் கூடாது. பாதிப் பாடத்தைக்கூடத் தொட முடியாது என்று தெரிந்தபோதும் அந்த விதியை மாற்றவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் மொட்டைமாடியை விட்டுவிட்டு என் டியூஷன் கரும்பலகைக்கு வந்தோம்.

கடைசியில் ஓர் இடத்தில் நான் முட்டிக்கொண்டு நின்றேன். திறந்த கணங்கள் சிலவற்றை எடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அதற்கு வெட்டு என்று பெயர். எண்ணி முடிக்கக்கூடிய அளவு கணங்கள் என்றால் வெட்டும் திறந்ததாகவே இருக்கும். முடிவில்லாத கணங்கள் என்றால் அப்படி இருக்க வேண்டியதில்லை என்றது புத்தகம். எனக்கு அது ஒப்பவே இல்லை. எல்லாமே திறந்தவை என்றால், பொதுவானது மட்டும் எப்படித் திறந்ததாக இல்லாமல் போகும்? பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு அதில் சண்டையே போட்டோம். முடியவில்லை. "பஸ்சுல போகயில பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் புதன்கிழமை கடலுக்குப் போன அவள் கணவரின் படகு வியாழக்கிழமை திரும்பவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதை அந்தப் படகுக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்திருந்தார்கள். அவர் கூட இன்னும் சிலர். சனிக்கிழமை பரீட்சை.

செய்தி தெரிந்ததும் நான் கிளம்பிப் போனேன். வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். அவள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அடிச்சிருப்பாகளோன்னுதான் பயமா இருக்கு" என்றாள். "உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாக. பிடிபட்டவுக யாரும் போன்ல பேசல இன்னும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரீட்சை கெடக்கட்டும்டி. நானும் எழுதல" என்றேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "நான் எழுதுறேன்."

வாசலில் இருந்த ஒரு அம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. "புருசன் அங்கிட்டு ஜெயில்ல கெடக்கயில பரீட்சை எழுதப் போறாளாம்" என்று யாரிடமோ சொன்னது எங்களுக்குக் கேட்டது.

தோழி எழுந்து வாசலுக்கே போனாள். சத்தம் போடவில்லை. "கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தாச்சு. மீனவர் சங்கத்துல பேசிக்கிட்டு இருக்காக. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன். இங்க ஒக்காந்து அழுதா ஒரு நாள் முன்னாடி வந்துருவாரா? போன தடவை இதே ஊர்ல இருந்து போயி பிடிபட்ட படகு ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? படகு வரலைன்னா நாளைக்கு எங்க வீட்டுல அடுப்பெரிய நான் என்ன வேலைக்குப் போவேன்? பட்டம் வேணும்ல எனக்கு?"

அந்த அம்மாளே கொஞ்ச நேரத்தில் டீ போட்டு எடுத்து வந்தார்.

பரீட்சை மையம் புதுக்கோட்டையில். அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவளுக்கு அதுதான் ஒரே கவலை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பேசினால்? எடுக்க ஆள் இல்லாமல் மணி அடித்து நின்றுவிட்டால்? இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் குறுக்கே வந்தார்.

"நான் வாரேன். ரெண்டு போனையும் நான் வச்சுக்கிறேன். அது அடிச்சா எடுக்கத் தெரியாதா எனக்கு?"

சனிக்கிழமை காலை அவள் முதல் பஸ்ஸில் அறந்தாங்கி வந்து சேர்ந்தாள். அங்கிருந்து நாங்கள் மூவரும் மகளும் புதுக்கோட்டை பஸ் ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"பூஜ்ஜியத்தை நடுவுல வையி."

"எதுக்கு?"

"வெட்டுக்கு. கேளு. இந்தப் பக்கம் மைனஸ் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. திறந்த இடைவெளி. அடுத்தது மைனஸ் அரைல இருந்து அரை வரைக்கும். அடுத்தது மூணுல ஒண்ணு. அடுத்தது கால். இப்படி சுருங்கிக்கிட்டே போகுது, முடிவே இல்லாம. எல்லாத்துலயும் பொதுவா என்ன எண் இருக்கும்?"

"பூஜ்ஜியம் எல்லாத்துலயும் இருக்கும்."

"வேற?"

"பூஜ்ஜியத்துக்கு ரொம்பக் கிட்டத்துல ஏதாவது…"

"ஏதாவதுன்னு சொல்லாத. எண்ணைச் சொல்லு."

"ஆயிரத்துல ஒண்ணு."

"ரெண்டாயிரத்துல ஒண்ணுன்னு ஒரு இடைவெளி வரும். அதுல நீ சொன்னது இல்ல. வெளிய போயிருச்சு."

"கோடியில ஒண்ணு."

"ரெண்டு கோடியில ஒண்ணு வரும். அதுவும் வெளிய. எதைச் சொன்னாலும் அதை வெளிய தள்ள ஒரு இடைவெளி வரிசையில இருக்கு. பூஜ்ஜியத்தை மட்டும் எதுவும் தள்ள முடியாது. கடைசியில பூஜ்ஜியம் ஒண்ணுதான் மிச்சம். ஒத்தப் புள்ளி. அதுக்கு இந்தப் பக்கமும் இடம் இல்ல, அந்தப் பக்கமும் இடம் இல்ல. திறந்த கணமா அது?"

"இல்ல" என்றேன். ஒரு வாரமாக நான் முட்டிய இடம் அது. ஒவ்வொரு இடைவெளியிலும் பூஜ்ஜியத்தைச் சுற்றி இடம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஓர் இடம் வேண்டும் என்றால், அந்த அளவுகள் எல்லாவற்றிலும் சிறியதை எடுக்க வேண்டும். முடிவில்லாமல் சிறுத்துக்கொண்டே போகிறவற்றில் மிகச் சிறியது என்று ஒன்று இல்லை. எண்ணி முடிக்கிற அளவில் இருந்தால் சிறியது கிடைக்கும், முடிவில்லை என்றால் கிடைக்காமல் போகலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"எப்படி வந்துச்சு ஒனக்கு?"

"நேத்துப் பூரா வேற எதை நினைச்சாலும் அவுகளைப் பத்தியே வந்துச்சு. இதை நினைச்சா மட்டும் கொஞ்ச நேரம் வரல" என்றாள்.

மாமியார் முன் சீட்டிலிருந்து திரும்பி அவளிடம் ஒரு ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்தார்.

கேள்வித்தாளில் இடைவெளிக் கேள்வி வந்திருந்தது. சிறியதா பெரியதா என்ற இடத்துக்கு வந்தபோது என் பேனா நிற்கவே இல்லை. ஏன் சிறியது என்று ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன், யாரும் கேட்காவிட்டாலும். வெட்டுக்கு எடுத்துக்காட்டும் கேட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன். தொடர்வரிசைப் பகுதியில் நாங்கள் தொடாமல் விட்ட கேள்விகள் நிறைய இருந்தன. அங்கே தடுமாறினேன். தெரியாததை ஒப்பித்து நிரப்பாமல் விட்டுவிட்டேன். முன் வரிசையில் அவள் முதுகு தெரிந்தது. தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்து வெளியே வந்ததும் அவள் ஓடினாள். கேட்டுக்கு எதிரே கடையோரம் மாமியார் குடைக்குள் மகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்:

"ஏத்தா, நல்லா இருக்காருத்தா! அவரே பேசினாரு! அடிக்கலையாம், சாப்பாடு குடுக்குறாகளாம். கோர்ட்டுல நிறுத்தியிருக்காக. வக்கீலு போன்ல ஒரு நிமிசம் பேச விட்டாகளாம். நீ பரீட்சை எழுதுறன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'எழுதுறாளா'ன்னாரு. ரெண்டு தடவை கேட்டாரு. அழுதுட்டாரு போல."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று நாளும் அழாதவள் அங்கே, போகிறவர் வருகிறவர் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள். மாமியார் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "வெட்டு எழுதினியா?"

எழுதினேன் என்றேன்.

அவள் கணவர் பொங்கலுக்குப் பிறகு விடுதலையாகி வந்தார். படகு வரவில்லை. அங்கேயே ஏதோ ஒரு கரையில் நிற்கிறது என்கிறார்கள். முடிவு வந்தபோது நான் தப்பித் தவறித் தேறியிருந்தேன். அவள் என்னைவிட நல்ல மதிப்பெண். சான்றிதழ் கைக்கு வந்த அடுத்த மாதமே கோட்டைப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவர் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். போகிற நாட்களில் அவள் வகுப்பு எடுத்துக்கொண்டே போனையும் பார்த்துக்கொள்கிறாள்.

நான் பி.எட். சேர்ந்துவிட்டேன். மாமியார்தான் இதைத் தெருவுக்கே சொன்னார். என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம் "கணக்கு. பாதி நேரம் ஒண்ணுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு தேடுவாக" என்கிறார்.

போன மாதம் தோழி கூப்பிட்டாள். தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. சேரப் போகிறாளாம். பாடத்திட்டத்தைப் பார்த்தாளாம். ரியல் அனாலிசிஸ்தான் முதல் தாள், முன்பைவிட இரண்டு மடங்கு தடிமனாம்.

"பயமா இருக்காடி?" என்றேன்.

"இருக்கு. நீயும் சேருறியா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பி.எட்.டும் டியூஷனும் மகளும் இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று இன்னும் யோசிக்கவில்லை. நடத்திக்கொள்வோம்.